பழைய வட்ட ரம்ப மில்லுக்கு இன்ஜின் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய வட்ட ரம்ப மில் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "இதுக்கு எத்தனை எச்.பி. இன்ஜின் வேணும்?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ரம்பம் எந்த வேகத்துக்கு டென்ஷன் வைத்துத் தட்டப்பட்டிருக்கிறது என்பது முதல் கேள்வி. அதில் எத்தனை பல் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டும் தெரியாமல் இன்ஜின் வாங்கினால், 100 எச்.பி. இருந்தாலும் பலகை வளைந்து நெளிந்துதான் வரும். இரண்டும் தெரிந்தவர் 40 எச்.பி.யிலேயே நேரான பலகை எடுத்துவிடுவார்.

ஆகவே ரம்பத்தில் தொடங்கிப் பின்னோக்கி இன்ஜினுக்குப் போவோம்.

படி 1: ரம்பத்தையும் தண்டையும் படியுங்கள்

ரம்பத்தின் நடுத்துளையைச் சுற்றியுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். தகட்டின் கேஜ் (கனத்தைக் குறிக்கும் எண்), பல் எண்ணிக்கை, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஆகியவற்றைப் பல தயாரிப்பாளர்கள் அங்கேதான் முத்திரை குத்தியிருப்பார்கள். ஆர்.பி.எம். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாராவது வேறு வேகத்துக்கு மறுபடி தட்டியிருக்கலாம். அதனால் ரம்பம் தட்டும் ஆளிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம்? வட்ட ரம்பத்தின் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டி வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக்கியிருப்பார்கள். நிற்கும்போது தகடு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். சுழலும்போது விளிம்பு வெளிப்பக்கமாக இழுபட்டு நீளும். குறித்த வேகம் வந்ததும் நடுவும் விளிம்பும் சமமாகி, தகடு விறைத்து நேராக நிற்கும். வேகம் குறைந்தால் அந்த விறைப்பு வராது. ரம்பம் அறுக்கும் மரத்தடிக்குள் ஒரு பக்கமாகச் சாயும். வேகம் கூடினால் விளிம்பு தளர்ந்து அலையடிக்கும். பழைய மில்களில் விளிம்பு வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 7,500 முதல் 10,000 அடி வரை, அதாவது நொடிக்கு 38 முதல் 51 மீட்டர் வரை இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 50 அங்குல ரம்பம், 600 ஆர்.பி.எம்., 20 பல். விட்டம் 1.27 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 4 மீட்டர். 600 சுற்றுக்கு நிமிடத்துக்கு 2,400 மீட்டர், நொடிக்கு 40 மீட்டர். வரம்புக்குள் இருக்கிறது.

இதோடு இன்னும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- ரம்பத் தண்டில் உள்ள புல்லியின் விட்டமும் அகலமும்.
- ரம்பம் சுற்ற வேண்டிய திசை. தடி வந்து மோதும் முன்விளிம்பில் பற்கள் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் தடி, அதை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் வண்டியில் அமுங்கி நிற்கும்.
- தகட்டின் கனம், பல் வெட்டும் அகலம். எடுத்துக்காட்டில் தகடு 4.2 மி.மீ., வெட்டு 7 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 1.4 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் உள்ள இடைவெளி. இந்த எண் அடுத்த படியில் உதவும்.
- பேரிங்குகளின் நிலை. பாபிட் (மென்மையான உலோகக் கலவை) வார்த்த பழைய பேரிங் என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பள்ளங்கள் அழிந்திருந்தாலோ தண்டு மேலும் கீழும் ஆடினாலோ முதல் செலவு அங்கேதான், இன்ஜினில் இல்லை.

படி 2: எச்.பி.யைக் கணக்கிடுங்கள்

மரத்தை அறுப்பது என்பது ஒரு குறிப்பிட்ட கன அளவு மரத்தைத் தூளாக்குவது. ஒரு கன செ.மீ. பச்சை மரத்தைத் தூளாக்க, கூரான பல் இருந்தால், மென்மரத்துக்குச் சுமார் 30 ஜூல், கடின மரத்துக்கு 60 ஜூல் வரை ஆகும். நடுவில் 40 என்று வைத்துக்கொள்ளலாம். பல் மழுங்கினால் இந்த எண் வேகமாக ஏறும்.

தடியின் வெட்டு ஆழம் 30 செ.மீ., வண்டி நகரும் வேகம் நிமிடத்துக்கு 24 மீட்டர், வெட்டு அகலம் 7 மி.மீ. என்றால்:

24 × 0.30 × 0.007 = நிமிடத்துக்கு 0.0504 கன மீட்டர். அதாவது நொடிக்கு 840 கன செ.மீ.
840 × 40 = 33,600 வாட். கிட்டத்தட்ட 34 கிலோவாட், 45 எச்.பி.

இது பல் நுனியில் தேவைப்படும் சக்தி. பேரிங் உராய்வுக்கும் வண்டியை இழுக்கும் பொறிக்கும் 3 முதல் 4 எச்.பி., பெல்ட் இழப்புக்கு இன்னும் ஒன்றிரண்டு. ஆக இன்ஜினின் ஃப்ளைவீலில் 50 எச்.பி. தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

இப்போது பல் எண்ணிக்கைக்கு வருவோம். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது. 20 பல், 600 சுற்று என்றால் நிமிடத்துக்கு 12,000 கடி. 24 மீட்டரை 12,000 ஆல் வகுத்தால் ஒரு பல் எடுக்கும் கனம் 2 மி.மீ. பக்க இடைவெளி 1.4 மி.மீ.தான். சீவல் அதைவிடத் தடிமன் என்பதால் பல்லின் வாய்க்குள்ளேயே (பல்லுக்கு முன்னால் உள்ள பள்ளம்) தங்கி, தடியின் அடியில் வெளியே விழும்.

அதே இன்ஜினில் 40 பல் ரம்பத்தை மாட்டினால் கடி 1 மி.மீ. ஆகிவிடும். சீவலுக்குப் பதில் மாவு போன்ற தூள் வரும். அது 1.4 மி.மீ. இடுக்கில் புகுந்து தகட்டுக்கும் தடிக்கும் நடுவே உரசும். தகடு சூடேறி, டென்ஷன் போய், வெட்டு விலகும். அப்போதுதான் "இன்ஜினுக்குப் பவர் பத்தல" என்ற புலம்பல் ஆரம்பிக்கும். உண்மையில் பல் அதிகம். மில் ஓடும்போது தூளை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். விரலால் எடுக்கக்கூடிய சீவல்களாக இருந்தால் சரி. மாவுபோல் கையில் ஒட்டினால் வண்டி மெதுவாகப் போகிறது, அல்லது பல் கூடுதல்.

கையில் 30 எச்.பி. இன்ஜின்தான் இருக்கிறது, இழப்பு போகப் பல் நுனிக்கு 25 எச்.பி.தான் வரும் என்றால்? 30 செ.மீ. ஆழத்தில் வண்டி வேகம் 13 மீட்டராகவும் கடி 1.1 மி.மீ. ஆகவும் இறங்கிவிடும். அதற்குப் பதில் 18 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாத சிறிய தடிகளை அறுக்கலாம். அங்கே 22 மீட்டர் வேகமும் ஏறக்குறைய 1.8 மி.மீ. கடியும் கிடைக்கும். இல்லையென்றால் பல் குறைவான ரம்பம் வாங்கலாம். பற்களைத் தனியாகச் சொருகி மாட்டும் சொருகு பல் ரம்பத்தில் ஒன்றுவிட்டு ஒன்று பல்லைப் பிடுங்கி எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பல்லும் அதன் தாங்கியும் விளிம்பில் தரும் இறுக்கமும் டென்ஷன் கணக்கில் சேர்ந்ததுதான்.

வண்டி வேகத்தை அளப்பது சுலபம். தண்டவாளத்தில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு நேரம் பாருங்கள். 7.5 நொடியில் கடந்தால் நிமிடத்துக்கு 24 மீட்டர்.

படி 3: இன்ஜின் வகையை முடிவு செய்யுங்கள்

தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட நிலையான டீசல் இன்ஜின் முதல் தேர்வு. பழைய கம்ப்ரசர், நீரிறைக்கும் பம்ப், ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து கழற்றியவை இந்த வகை. ரேடியேட்டர், கவர்னர் (சுற்று வேகத்தைப் பிடித்து வைக்கும் பாகம்), சில நேரம் கிளட்ச்கூட அதிலேயே இருக்கும். நம் எடுத்துக்காட்டுக்கு 4 லிட்டர் அளவுள்ள, டர்போ இல்லாத, நாலு சிலிண்டர் இன்ஜின் பொருந்தும். பெர்கின்ஸ் 4.236 இந்த அளவுக்குத் தெரிந்த உதாரணம், 3.86 லிட்டர்.

பெல்ட் புல்லி உள்ள பழைய டிராக்டர் அடுத்தது. அந்தக் காலத்தில் டிராக்டரும் ரம்பமும் ஜோடியாகவே விற்கப்பட்டன. 15-30 என்று பெயர் போட்ட டிராக்டரில் 15 என்பது இழுவை எச்.பி., 30 என்பது பெல்ட் எச்.பி. நமக்கு வேண்டியது இரண்டாவது எண். 1920 முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்த டிராக்டர் சோதனைகளில் பெல்ட் எச்.பி. தனியாக அளக்கப்பட்டிருக்கிறது. பழைய மாடல் என்றால் விற்பவர் சொல்லும் எண்ணைவிட அந்த அறிக்கையை நம்பலாம். இந்த டிராக்டர்களின் பெல்ட் வேகம் நிமிடத்துக்கு 3,100 அடி என்று பின்னாளில் தரப்படுத்தப்பட்டது. புல்லிக் கணக்குக்கு அது கைகொடுக்கும்.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு (இன்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் தண்டு) 540 சுற்றில் ஓடுவதால் அதை நேரே ரம்பத் தண்டில் கோத்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு வரும். ரம்பம் 540-க்குத் தட்டப்பட்டிருந்தால் ஓடும்தான். ஆனால் தடி இறுகி ரம்பம் நிற்கும்போது அந்த அதிர்ச்சி நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். பெல்ட் இருந்தால் அது வழுக்கிக் காப்பாற்றும். ஆகவே பி.டி.ஓ.வில் ஒரு இடைத்தண்டு வைத்து, அங்கிருந்து பெல்ட்டில் ரம்பத்துக்கு எடுங்கள்.

லாரி டீசல் மலிவாகக் கிடைக்கும், பலமும் உண்டு. அதன் சிக்கல் கவர்னரில். படி 5-இல் பார்ப்போம். டெட்ராய்ட் டீசல் 4-71 போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களும் மில்களில் நிறைய ஓடியிருக்கின்றன. சத்தத்தைத் தாங்கும் காது வேண்டும், அவ்வளவுதான்.

கார் பெட்ரோல் இன்ஜின் கடைசித் தேர்வு. 120 எச்.பி. என்று எழுதியிருப்பது 5,000 சுற்றுக்குப் பக்கத்தில் கிடைப்பது. மணிக்கணக்கில் முழு பாரத்தில் ஓட அது பிறக்கவில்லை. எரிபொருளும் தின்னும்: சராசரியாக 15 கிலோவாட் பாரத்துக்கு டீசல் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் குடித்தால், பெட்ரோல் 7 லிட்டராவது குடிக்கும்.

மும்முனை மின்சாரம் வாசலில் இருந்தால் மோட்டாரை மறக்காதீர்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சில நொடிகளுக்குத் தன் அளவைப் போல இரண்டு மடங்கு முறுக்கு விசை தரும். சுற்றும் அவ்வளவாகக் குறையாது. 50 எச்.பி. டீசல் செய்யும் இந்த வேலைக்கு 40 எச்.பி. மோட்டார் போதும். நாலு போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1,450-க்குச் சற்று மேலும், 60 ஹெர்ட்ஸில் 1,750 அளவிலும் சுற்றும். மோட்டாரை மெதுவாகக் கிளப்ப ஸ்டார் டெல்டா அல்லது சாஃப்ட் ஸ்டார்ட்டர் அவசியம்.

படி 4: பெயர்ப்பலகையை நம்பாமல் டார்க் (முறுக்கு விசை) பாருங்கள்

பெயர்ப்பலகையில் 80 எச்.பி. என்றிருந்தால், எந்தச் சுற்றில், எந்த வகை அளவு என்று கேளுங்கள். ஃபேன், டைனமோ எதுவும் மாட்டாமல் அளந்த எண் வேறு. எல்லாம் மாட்டி அளந்தது வேறு. நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடியது இன்னும் வேறு. மில்லுக்கு வேண்டியது மூன்றாவது.

2,800 சுற்றில் 80 எச்.பி. தரும் இன்ஜினை 1,800-இல் (நம் எடுத்துக்காட்டில் இன்ஜின் ஓடும் வேகம்) ஓட்டினால் 80 கிடைக்காது. சூத்திரம்:

டார்க், நியூட்டன் மீட்டரில் = கிலோவாட் × 9,549 ÷ ஆர்.பி.எம்.

50 எச்.பி. என்பது 37.3 கிலோவாட். 1,800 சுற்றில் அது 198 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத டீசல் லிட்டருக்கு 65 முதல் 70 நியூட்டன் மீட்டர் தரும் என்று வைத்துக்கொண்டால், 3.9 லிட்டருக்கு உச்சம் சுமார் 260. அந்த உச்சம் வழக்கமாக 1,300 - 1,500 சுற்றில் வரும். ஆக பாரம் ஏறிச் சுற்று இறங்கும்போது டார்க் ஏறும். 30 சதவீதம் கையிருப்பு இருக்கிறது. ரம்பத்துக்குப் பிடித்த குணம் இதுதான். டார்க் உச்சம் 1,800-க்கு மேலே இருக்கும் இன்ஜின் என்றால், பாரம் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிடும்.

உயரமான மலைப்பகுதியில் வைப்பதாக இருந்தால் டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

"கனமான ரம்பம்தானே, ஃப்ளைவீல் மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. 50 அங்குல, 4.2 மி.மீ. தகடு 42 கிலோ. 600 சுற்றில் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 17 கிலோஜூல் அளவு. சுற்று 10 சதவீதம் குறைய விட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளிவரும்: 3 கிலோஜூல் சொச்சம். 34 கிலோவாட் பாரத்தில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாங்கும். இன்ஜினின் ஃப்ளைவீலையும் சேர்த்தால்கூடக் கால் நொடி தேறாது. பல் மரத்தைத் தொட்ட கணமே டீசல் கூடுதலாகப் பாய வேண்டும். அதைச் செய்வது கவர்னர்.

படி 5: கவர்னர்

இன்ஜின் வாங்கும்போது ஒரே ஒரு பாகத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

டீசல் பம்பில் இருக்கும் கவர்னர் இரண்டு வகை. ஒன்று, எல்லா வேகத்தையும் பிடிப்பது: லிவரை 1,800-இல் வைத்தால் பாரம் ஏறினாலும் இறங்கினாலும் அங்கேயே நிறுத்தப் பார்க்கும். டிராக்டரிலும் தொழிற்சாலை இன்ஜினிலும் இது இருக்கும். மற்றொன்று, ஐட்லிங்கையும் உச்ச வேகத்தையும் மட்டும் பிடிப்பது. நடுவில் எல்லாம் டிரைவரின் கால்தான் கவர்னர். லாரி இன்ஜின்களில் பெரும்பாலும் இதுதான். அதை மில்லில் வைத்தால், தடி புகுந்ததும் சுற்று விழும். தடி வெளியேறியதும் எகிறும். பாஷ் வரிசைப் பம்புகளில் கவர்னர் தகட்டில் ஆர்.க்யூ. என்று மட்டும் இருந்தால் லாரி வகை, ஆர்.க்யூ.வி. அல்லது ஆர்.எஸ்.வி. என்றிருந்தால் எல்லா வேகத்தையும் பிடிக்கும் வகை. லாரி இன்ஜின்தான் அமைந்தது என்றால் பம்ப் கடையில் கவர்னரை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வைத்த புதிய இன்ஜின்களில் நிலையான வேகத்தில் ஓடும் பி.டி.ஓ. முறை திறந்திருக்கிறதா, வயரிங் முழுமையாகக் கூட வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லா வேகக் கவர்னரும் பாரத்தில் கொஞ்சம் சுற்றை விட்டுக்கொடுக்கும். ஜெனரேட்டர் இன்ஜினில் 4 - 5 சதவீதம். டிராக்டரில் 8 - 10 வரை போகலாம். ரம்பம் 600-க்கு என்றால் பாரமில்லாமல் 630, முழு பாரத்தில் 600 என்று அமைவது நல்லது.

பெட்ரோல் இன்ஜினில் கவர்னரே இல்லை என்றால் தனியாக ஒன்று பொருத்தியே ஆக வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கம்பியால் இழுத்துக் கட்டி ஓட்டுவது ஆபத்து. பெல்ட் கழன்று விழுந்தால் அந்த இன்ஜின் நொடியில் எல்லை மீறும். தடியிலிருந்து வெளியே வந்த ரம்பமும் அப்படித்தான்.

படி 6: கிளட்ச், பக்கவாட்டு இழுப்பு

34 கிலோவாட்டை 10 அங்குலப் புல்லியில் 1,800 சுற்றில் கடத்தினால் பெல்ட் வேகம் நொடிக்கு 24 மீட்டர். இழுவிசை 145 கிலோ. பெல்ட் வழுக்காமல் இருக்க இரு பக்கமும் இறுக்கியிருப்பதால் தண்டின் மேல் விழும் மொத்த இழுப்பு இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், 300 கிலோவைத் தாண்டும். இது கிராங்க் தண்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃப்ளைவீலில் நேரடியாகப் புல்லியைப் போல்ட் போட்டு மாட்டியவர்களின் இன்ஜினில் பின்பக்க மெயின் பேரிங்கும் ஆயில் சீலும் முதலில் போவது இதனால்தான்.

சரியான வழி, சொந்தமாகப் பேரிங்குகளும் தண்டும் கொண்ட பவர் டேக் ஆஃப் கிளட்ச் பெட்டி. லிவரைத் தள்ளினால் "டக்" என்று மையம் தாண்டிப் பூட்டிக்கொள்ளும் வகை. இன்ஜினின் ஃப்ளைவீல் ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடும் கூடு) எஸ்.ஏ.இ. எண்ணும் (தரப்படுத்திய அளவு எண்) கிளட்ச் அளவும் பொருந்த வேண்டும். இந்த அளவு இன்ஜின்களில் எஸ்.ஏ.இ. 3 ஹவுசிங்கும் 11.5 அங்குலக் கிளட்சும் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் ஜோடி. லிவர் அழுத்தமில்லாமல் லேசாக விழுந்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது. உடனே திருகி இறுக்குங்கள். அரைகுறையாகப் பிடிக்கும் கிளட்ச் ஒரே நாளில் கருகிவிடும். புல்லியை எப்போதும் பெட்டிக்கு ஒட்டினாற்போல் மாட்டுங்கள். தண்டின் நுனிக்குத் தள்ளத் தள்ள பேரிங்கின் ஆயுள் குறையும்.

படி 7: புல்லி, பெல்ட், திசை

இன்ஜினின் 1,800-ஐ ரம்பத்துக்கு 600 ஆக்க 3-க்கு 1 என்ற விகிதம் வேண்டும். இன்ஜினில் 10 அங்குலம் என்றால் ரம்பத் தண்டில் 30 அங்குலம். தட்டை பெல்ட் 1 முதல் 2 சதவீதம் வழுக்கும் என்பதால் 29.5 அங்குலம் சரியாக இருக்கும். வி பெல்ட்டுக்கு அந்தக் கழிவு தேவையில்லை.

தட்டை பெல்ட் என்றால் இரு தண்டுகளுக்கும் நடுவே குறைந்தது 4.5 மீட்டர் வேண்டும். 6 முதல் 9 மீட்டர் நல்லது. தளர்ந்த பக்கம் மேலே வரும்படி அமையுங்கள். தொங்கும் பெல்ட் சிறிய புல்லியைக் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும். இடம் குறைவு என்றால் வி பெல்ட். சி பிரிவு (வி பெல்ட்டில் ஓர் அளவு) பெல்ட் ஒன்று 10 அங்குலப் புல்லியில் இந்த வேகத்தில் சுமார் 12 எச்.பி. கடத்தும். அதிர்ச்சி பாரத்துக்காக 50 எச்.பி.யை 1.4 ஆல் பெருக்கினால் 70. ஆகவே 6 பெல்ட். ஒரே செட்டாக, ஒரே நீளத்தில் வாங்குங்கள். ஐந்து பழையது, ஒன்று புதியது என்று மாட்டினால் அந்தப் புதியதுதான் முழு பாரத்தையும் சுமக்கும்.

திசை: வழக்கமான இன்ஜின், ஃப்ளைவீல் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். நேர் பெல்ட் அதே திசையைத்தான் ரம்பத்துக்குக் கொடுக்கும். தப்பாக வந்தால் தட்டை பெல்ட்டைக் குறுக்கே போட்டு மாற்றிவிடலாம். வி பெல்ட்டில் அது முடியாது. இன்ஜினையே முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். அடித்தளம் கட்டுவதற்கு முன்பே இதைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். கான்கிரீட் போட்டபின் திருப்பியவர்கள் நிறைய.

படி 8: பழைய இன்ஜினைச் சோதித்து வாங்குவது

நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட் பிரச்சினையை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் அளவுகோலை உருவி, பால் கலந்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. 20 நிமிடம் சூடேறியபின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான நிலையில் ஐட்லிங்கில் எண்ணெய் அழுத்தம் 1 பாருக்குக் குறையக்கூடாது. வேலை வேகத்தில் 3 பாருக்குக் கிட்டே நிற்க வேண்டும். கம்ப்ரஷன் அளக்க முடிந்தால் 25 பாருக்கு மேல், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்.

முக்கியமான சோதனை, பாரத்தில் ஓட்டிப் பார்ப்பது. பி.டி.ஓ. டைனமோமீட்டர் (பாரம் கொடுத்து எச்.பி. அளக்கும் கருவி) வைத்திருக்கும் டிராக்டர் ஒர்க்ஷாப் இருந்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓடும்போது இனிமையாகப் பாடும் இன்ஜின் பாரத்தில் பத்தே நிமிடத்தில் கொதிப்பது புதிதல்ல.

படி 9: வைக்கும் இடம், குளிர்ச்சி, தீ

இன்ஜின் காற்று வரும் பக்கத்தில், தூள் விழும் இடத்துக்கு எதிரே இருக்கட்டும். சாதாரண ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை உள்ளே உறிஞ்சும். கூடவே தூளையும் உறிஞ்சி இரண்டு மணி நேரத்தில் ரேடியேட்டரில் கம்பளி போர்த்திவிடும். வெளியே தள்ளும் ஃபேனாக மாற்றுங்கள், முன்னால் கழற்றித் தட்டக்கூடிய வலை வையுங்கள். லாரியிலிருந்து எடுத்த ரேடியேட்டர் ஓடும்போது மோதும் காற்றை நம்பிச் செய்யப்பட்டது. நின்ற இடத்தில் ஒரு அளவு பெரியது வேண்டும்.

காற்று ஃபில்டருக்கு முன் சுழற்காற்று வகை முன்வடிகட்டி. புகைக்குழாய் மேல்நோக்கி, பொறி தடுக்கும் சைலன்சரோடு. எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ தானே நிற்கும் சுவிட்ச் வையுங்கள். ரம்பச் சத்தத்தில் அலாரம் கேட்காது. வண்டி ஓட்டுபவர் நிற்கும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் நிறுத்தும் கயிறோ பொத்தானோ இருக்க வேண்டும். பெல்ட் முழுவதற்கும் கூண்டு.

படி 10: முதல் ஓட்டம்

ரம்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டி, வெறும் தண்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பாபிட் பேரிங்கின் மேல் கை வையுங்கள். கையை வைத்திருக்க முடிந்தால் சரி; வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் நிறுத்தி, எண்ணெய் வழியையும் மூடி இறுக்கத்தையும் பாருங்கள்.

பிறகு ரம்பத்தை மாட்டி, மெதுவாக வேகம் ஏற்றுங்கள். ரம்பம் சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டரை ரம்பத் தண்டிலேயே பிடியுங்கள். இன்ஜின் மீட்டர் பெல்ட் வழுக்கலைக் காட்டாது. 630-ஐத் தாண்ட விடாதீர்கள்.

முதல் தடி மென்மரமாக, 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கட்டும். பிறகு 30. ஆழமான வெட்டில் ஒருவர் டாக்கோமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 600-இல் நின்றால் எல்லாம் பொருந்திவிட்டது. 580-க்குக் கீழே போனால் எது விழுகிறது என்று பிரித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று நிலையாக இருந்து ரம்பம் மட்டும் விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து விழுந்து கறும்புகை வந்தால் பாரம் கூடுதல் அல்லது காற்று ஃபில்டர் அடைப்பு. இரண்டும் விழுந்து புகையே இல்லை என்றால் டீசல் போதுமான அளவு வரவில்லை: ஃபில்டர், ஊட்டும் பம்ப், இல்லையென்றால் லிவர் முழுதாகத் திறக்காதது. பாரமில்லாதபோது சுற்று ஏறியிறங்கி ஊசலாடினால் கவர்னர் இணைப்பில் தேய்மானம்.

20 மணி நேரம் ஓடியபின் பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள், அடித்தள நட்டுகளைச் சரிபாருங்கள். எல்லாம் சரிசெய்தும் முழு பாரத்தில் ரம்பம் 570-இல்தான் நிற்கிறது, வெட்டு விலகுகிறது, புல்லியும் மாற்ற வழியில்லை என்றால், இன்னொரு இன்ஜின் தேட வேண்டாம். அந்த 570 என்ற எண்ணையும் தகட்டையும் ரம்பம் தட்டுபவரிடம் கொண்டுபோய், அந்த வேகத்துக்கே டென்ஷன் வைக்கச் சொல்லுங்கள்.